பன்னிரண்டு மைல் சர்க்கரை

மதியம் மூன்று மணி தாண்டினால் அவளுடைய கால்கள் அவள் பேச்சைக் கேட்காது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, முகத்தில் மட்டும் காலை பத்து மணிச் சிரிப்பைக் கலையாமல் வைத்துக்கொண்டிருப்பாள். கடையில் நாற்காலி இருந்தது. அது வாடிக்கையாளர் உட்கார்ந்து காலணி மாற்றுவதற்கு.

கோல்ஃப் சாமான் விற்கும் கடை அது. அதன் பின்பக்கத்தில் வலை கட்டிய ஓர் அறை. தரையில் பச்சைப் பாய், எதிரே வெள்ளைத் திரை, பாய்க்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. வாடிக்கையாளர் பந்தை அடித்ததும், மட்டை மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் வந்தது என்று அந்தப் பெட்டி அளந்து திரையில் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து, இவருக்கு இந்தப் பந்து என்று எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகக் கொடுக்கிறாள்.

வெளியே பார்த்தால் எல்லாப் பந்தும் ஒன்றுதான், வெள்ளையாக, அம்மைத் தழும்பு போட்ட மாதிரி. வித்தியாசமெல்லாம் உள்ளே. கடினமான பந்து வேகமாக அடிப்பவருக்கு. மெதுவாக அடிப்பவர் அதை அடித்தால் அது அமுங்காது, அமுங்காத பந்து வாங்கிய அடியைக் கைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். மெதுவான கைக்கென்று மென்பந்து இருக்கிறது. அடித்தது தெரியாமல் எழும்பிப் போகும். எண்பத்தைந்து மைலுக்குக் கீழே மென்பந்து, மேலே கடினப் பந்து என்று சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஆனால் மென்பந்து இருந்தது கீழ்த்தட்டில், குனிந்தால்தான் தெரியும். அதை வாங்க வருகிறவர்கள் யாருக்கும் சுலபமாகக் குனிய முடியாது.

அப்புறம், சர்க்கரை.

பெட்டியின் பின்னால் ஒரு சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், அளந்த எண்ணோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேட்கும். வேறு எதற்கோ வைத்த வசதி. முதலாளி அதில் பன்னிரண்டு என்று போடச் சொன்னார். "பொய்யில்லம்மா, ஊக்கம். காபிக்குச் சர்க்கரை போடறோமே, அந்த மாதிரி" என்றார். அன்றிலிருந்து கடையில் அதற்கு அதுதான் பெயர். அறுபது வயது தாண்டியவர்கள் எண்பத்தைந்தைத் தாண்டினார்கள். முகம் மலர்ந்து போனார்கள், கையில் விலை கூடிய கடினப் பந்துப் பெட்டியோடு.

அந்தப் பொத்தானை முதல் நாள் அழுத்தியபோது தனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் அவளுக்குப் பின்னால் உறுத்தியது. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து அளவை மாற்றிச் சொல்வது கடை சொல்லிக்கொடுத்த பாடமில்லை. "கால் வலி எப்படி இருக்கு?" என்று கணவர் கேட்பார். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்பார், ஆனாலும் கேட்பார். "பரவால்ல" என்பாள். அக்கா போனில் கேட்டாலும் பரவால்ல. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் தேய்ந்து வழவழப்பாகி, வாயைத் திறந்ததும் தானாக உருண்டு விழுகிறது. யாருக்கும் அதில் சிரமமில்லை. அவளுக்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

அன்றைக்கு மூன்றேகாலுக்குப் பாலத்துக்காரர் வந்தார்.

வாழ்நாள் முழுக்கப் பாலம் கட்டிய பொறியாளர். கடையில் அப்படிச் சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, மெல்ல மெல்ல எழுந்தது. எட்டு மாதமாக, மாதம் ஒரு தடவை வந்து பத்துப் பந்து அடிப்பார். திரையில் வரும் எண்ணைப் போனில் படம் பிடித்துப் பெரிய மகளுக்குக் காட்டுவார், அவள் வெளியூர் போன பிறகு அனுப்புவார். அதைக் கைக்கான தேர்வு முடிவு மாதிரி வைத்திருந்தார். முதல் மாதம் எண்பத்தைந்து. அடுத்து நாலு மாதம் எண்பத்தாறு. அப்புறம் எண்பத்தேழு.

"வாங்க சார். கை எப்படி இருக்கு?"

"இருக்கு. எப்படின்னு அதுகிட்டதான் கேக்கணும்."

வழக்கமான கேலிதான், ஆனால் சிரிப்பு சேரவில்லை. பையிலிருந்து தன் கடினப் பந்தை எடுத்தார். அவளே விற்றது. பாயில் வைத்து அடித்தார். டக்கென்று கல்லில் கல் பட்ட சத்தம். திரையில் எண்பத்தேழு.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! சார் காலேஜ் பையன் மாதிரி வெளுக்கறாரே! வீட்ல என்ன சாப்பாடு சார் போடறாங்க?"

"மாத்திரை" என்றார் பாலத்துக்காரர்.

முதலாளி பெரிதாகச் சிரித்துவிட்டுப் போனார். கதவு மூடியதும் பாலத்துக்காரர் மட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை உதறினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். வியாபாரத்துக்காகச் சொல்லாம நிஜத்தைச் சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"ரெண்டு மாசமா, அடிச்சா முழங்கை வரைக்கும் ஷாக் அடிக்குது. அரைமணி நேரம் விரல் மரத்துக் கிடக்கு. எண்ணு ஏறுது, கை இறங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. மிஷினுக்கு என்ன, என்னைச் சந்தோஷப்படுத்தணும்னு வேண்டுதலா? அப்ப கைதான்." நெற்றியை விரலால் தட்டினார். "உள்ள மறுபடி ஏதோ ஆரம்பிச்சிருக்கு. வீட்ல மூச்சு விடல. பெரியவகிட்ட சொன்னா வேலையைப் போட்டுட்டு வந்து நிப்பா. இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கா. இன்னைக்கு எண்ணு குறைஞ்சிருக்கும், பார்த்துட்டுப் பையைத் தூக்கி யாருக்காவது கொடுத்துடலாம்னுதான் வந்தேன். இது என்னடான்னா எண்பத்தேழுங்குது."

இந்தக் கைக்கு இந்தப் பந்து கல். பதினோரு வருஷ அனுபவம் வேண்டாம், பதினோரு நாள் இருந்தால் போதும் அதைச் சொல்ல. தலைக்குள் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முழங்கை வரை போகும் அந்த ஷாக் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஒரு பன்னிரண்டில் தொடங்குகிறது.

நல்லவேளை, சொல்லாமலே சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது என்று முதலில் நினைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு மென்பந்தை எடுத்து நீட்டினாள்.

"இதை அடிச்சுப் பாருங்க சார். சும்மா, ஒரு மாறுதலுக்கு."

அவர் அதை உருட்டிப் பார்த்தார். கண்ணாடியை உயர்த்தி அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு சுவரில் இருந்த பட்டியலைப் படித்தார். எதையும் முழுசாகப் படிக்கிற மனிதர்.

"எண்பத்தஞ்சுக்குக் கீழன்னு போட்டிருக்கே. கிழவங்க பந்து."

"பரவால்ல சார், அடிங்க."

"நான் எண்பத்தேழும்மா." பந்தை மேஜை மேல் வைத்துவிட்டார், அது உருளாதபடி விரலால் நிறுத்தி. "பாவம், கிழவன் வலிக்குதுன்னு சொல்றான், தேத்தி அனுப்புவோம்னு பாக்கற. அளவுன்னா அளவுதான். உன் பட்டியலை நீயே மீறினா அப்புறம் பட்டியல் எதுக்கு?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூட ஆரம்பித்தார். அந்த விரல்களுக்கு ஜிப் பிடிபடவில்லை. இரண்டு முறை நழுவியது. அவள் உதவப் போகவில்லை, போனால் பிடிக்காது என்று தெரியும். இந்த ஜிப் மூடினால் இவர் இனி வரமாட்டார். கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டே வீட்டில் உட்கார்ந்துவிடுவார். நம்ப வைத்தவள் இங்கே சிரித்துக்கொண்டு நிற்பாள், ஆறு மணி வரை. வாயில் அந்த வழவழப்பான சொல் மறுபடி வந்து நின்றது. அவளுக்குத் திடீரென்று அலுப்பாக இருந்தது. பயமாகக்கூட இல்லை, அலுப்பு. இத்தனை பேரை இத்தனை வருஷம் தூக்கிப் பிடித்த அலுப்பு.

"சார், இருங்க. அதே பழைய பந்தை இன்னொரு தடவை அடிங்க."

பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பன்னிரண்டைச் சைபராக்கினாள்.

அவர் சந்தேகத்தோடு அடித்தார். அதே டக். திரையில் எழுபத்தைந்து.

"என்னது இது?"

"இதுதான் சார் உங்க எண்ணு. இவ்வளவு நாள் பன்னிரண்டு கூட்டிக் காட்டிக்கிட்டிருந்தேன்."

"எப்பலேருந்து?"

"நீங்க வந்த முதல் நாள்லேருந்து."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

"அந்த வங்கி மேனேஜருக்கும்?"

"அவருக்கும் சார்."

"நூறு நூறுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறானே!" ஒரு கணம் அவர் உதட்டோரம் துடித்தது, சிரிக்கப் போகிறவர் போல. அப்புறம் அது அடங்கி, முகம் மெல்லச் சிவந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாலத்துல நாங்க தாங்கற எடையைக் குறைச்சுத்தான் எழுதுவோம், தெரியுமா? நூறு தாங்கும்னா அம்பதுன்னு போர்டு வைப்போம். நீ பண்ணின மாதிரி கூட்டி எழுதியிருந்தா ஜனம் ஆத்துல கிடந்திருக்கும்." குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "பெரியவ மூணு மாசம் என் வீட்ல இருந்தாம்மா. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டா. எண்பத்தாறு வந்த படத்தைப் பார்த்துட்டுத்தான், இனிமே அப்பா பார்த்துக்குவார்னு பெட்டி கட்டினா."

முதலாளி சொன்னார் என்கிற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். அழுத்தியது அவள் விரல்.

"தப்புதான் சார்" என்றாள். "ஆனா கூடினது பொய்யில்ல. ஆரம்பம்தான் பொய். முதல் மாசம் நிஜமா எழுபத்து மூணு. இப்ப எழுபத்தஞ்சு."

அவர் கணக்குப் பார்க்கிறவராகக் கண்ணைச் சுருக்கினார். "எட்டு மாசத்துக்கு ரெண்டு."

"ரெண்டு சார்."

"ஆமை கூட ஜெயிச்சிருக்கும்." மூச்சை நீளமாக விட்டார். கையை மேஜைப் பக்கம் நீட்டினார். "கொடு அந்தக் கிழவன் பந்தை."

அடித்தார். டக்கென்ற சத்தமில்லை, தலையணையில் தட்டியது போல மெத்தென்று ஒன்று. பந்து திரையில் சாவகாசமாக எழும்பிப் போனது. எழுபத்து நாலு. அவர் திரையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலி வரட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி, தலையைச் சாய்த்து. விரல்களை மடக்கினார், நீட்டினார். இன்னொன்று அடித்தார். இன்னும் மூன்று. எழுபத்தைந்து, எழுபத்து மூன்று, எழுபத்து நாலு. ஒவ்வொரு அடிக்கும் "சூப்பர் சார்" என்று சொல்லிப் பழகிய வாயை அவள் மூடி வைத்திருந்தாள்.

"மரக்கல" என்றார், அவளிடம் இல்லை, கையிடம்.

"டாக்டரைப் பார்க்கறதை மட்டும் விட்டுடாதீங்க சார். நான் பந்துக்காரி. எனக்குத் தெரிஞ்சது பந்து மட்டும்தான்."

"அதுலயும்தான் பொய் சொன்ன." ஆனால் தலையாட்டினார்.

முதலாளி மறுபடி கதவைத் திறந்தார். கண் நேரே திரைக்குப் போனது. "என்னது, எழுபத்து நாலா? மிஷின்ல ஏதோ கோளாறு சார், ஒரு நிமிஷம்..."

"மிஷின் நல்லா இருக்கு" என்றார் பாலத்துக்காரர். "நான்தான் எழுபத்து நாலு."

முதலாளியின் சிரிப்பு வழி தெரியாமல் முகத்தில் அலைந்தது. அவளைப் பார்த்தார். கடை மூடியதும் இருக்கிறது என்ற பார்வை. கதவு சாத்திக்கொண்டது. நாளைக்கு இந்தப் பொத்தானை யார் அழுத்துவார்கள், அவளா, அவள் இடத்தில் வருகிறவளா? யோசிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

பாலத்துக்காரர் போனை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தார். பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். படம் எடுக்காமல் இறக்கி, மகளின் எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்தார்.

"நான்தாம்மா... ஆமா, கடையிலதான். எழுபத்து நாலு... இல்ல, குறையல. முதல்லேருந்தே இதான்... அட, கேளு. கூட்டிக் காட்டியிருக்காங்க... சண்டையெல்லாம் போடல. போட்டாச்சு... ஆமா, ரெண்டு மாசமா வலி, சொல்லல. தப்புதான். திங்கக்கிழமை டாக்டர்... நீ வரியா?" அவர் வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது, தோள்பட்டையில் சட்டை கொஞ்சம் பெரிதாகத் தொங்கிய முதுகு. "வேலை இருக்குமேன்னு பாக்கறேன்... வேண்டாம்னு சொல்லலம்மா. வேண்டாம்னு நான் சொல்லல."

போனை வைத்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பந்தைப் பாயில் வைத்தார்.

"இன்னும் அஞ்சு அடிக்கிறேன். எண்ணைப் படிக்காத, நானே பாத்துக்கறேன்." மட்டையைப் பிடித்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளை. "காலையிலேருந்து நின்னுக்கிட்டா இருக்க? உக்காரேன்."

பரவால்ல சார் என்ற சொல் நாக்கில் உருண்டு வந்தது.

"கால் வலிக்குது சார்" என்றாள். சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் காலணி மாற்றும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.