ஒரே வீட்டில் இரண்டு ஜோதிலட்சுமி

பிரெஞ்சு எனக்கு ஒரு வரி பேச வராது. ஆனாலும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவுகளின் பெயர் அட்டவணையைக் கணினியில் ஏற்றுகிற வேலையை, மடுகரையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். சூசைநாதன் சார் பாண்டியிலிருந்து பழைய பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவார். அதில் உள்ள பெயர், அப்பா பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பெயர்கள் எல்லாம் நம் ஊர்ப் பெயர்கள்தான். மாதங்களின் பெயரும் இன்னும் நாலைந்து சொற்களும் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

அந்த நாலைந்தில் ஒன்றை நான் 'டித்' என்று படிப்பேன். நம் கல்யாணப் பத்திரிகையில் 'என்கிற' என்று போடுவோமே, அதுதான். முதல் பெயர் ஒரு கட்டத்தில் போகும். 'டித்'துக்குப் பின்னால் வருவது 'மாற்றுப் பெயர்' என்ற கட்டத்தில் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதையும் அடிக்கத்தான் வேண்டுமா என்று சாரைக் கேட்டேன்.

"கண்டிப்பா அடிக்கணும், ஜோதிலட்சுமி மேடம். பின்னாடி தேடி வர்றவங்களுக்கு எந்தப் பேரு தெரிஞ்சிருக்கும்னு நமக்குத் தெரியாதில்ல. எந்தப் பேர்ல தேடினாலும் ஆள் கிடைக்கணும்" என்றார்.

அவர் சொன்ன விதியைவிட 'ஜோதிலட்சுமி மேடம்' என்றதுதான் என் காதில் நின்றது. என் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுத்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர் தெரியும். மடுகரையில் வேறு யாருக்கும் நான் ஜோதிலட்சுமி இல்லை. கரையாம்புத்தூரில் பிறந்து, அங்கே பள்ளிக்கூடம் போய், அந்தப் பெயரோடு இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். என் மாமியார் பெயரும் ஜோதிலட்சுமி. மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை யார் கூப்பிடுவது? பத்திரிகை அடிக்கும்போதே 'ஜோதிலட்சுமி என்கிற மஞ்சுளா' என்று போட்டார்கள். பிள்ளை பிறப்பதற்குள் முன்பாதி உதிர்ந்துவிட்டது.

யார் தேர்ந்தெடுத்தார்கள் இந்த மஞ்சுளாவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறேன், பிடித்துத் திரும்பியதில்லை. மாமியார் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி இதுதான். இந்த வீட்டில் அவர் என்னை ஒரு வேளைகூடப் பட்டினி போட்டதில்லை, கை நீட்டியதில்லை. என் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். காகிதத்தில் நாங்கள் இருவரும் இன்னும் ஜோதிலட்சுமிதான். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பையன், ஒரே வீட்டில் இரண்டு ஜோதிலட்சுமி இருக்கிறதே, ஒன்றை எடுத்துவிடவா என்று கேட்டான். முதலிலேயே ஒன்றை எடுத்தாயிற்று தம்பி என்று சொல்லி அனுப்பினேன்.

அட்டவணையை அடிக்க அடிக்க ஒன்று புரிந்தது. ஆண்களுக்கு மாற்றுப் பெயர் பெரும்பாலும் பிறப்புப் பதிவிலேயே இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையைக் கூப்பிட அவளுக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. பெண்களுக்குப் பிறப்பில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது, திருமணப் பதிவில்தான் நிரம்புகிறது. அடித்துக்கொண்டே வரும்போது சில பக்கங்களைப் பாதியில் விட்டுவிடுவேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

மாமியார் பிறந்தது நெட்டப்பாக்கம். அந்த ஊர்ப் பிறப்பு அட்டவணை வந்ததும் அவரைத்தான் முதலில் தேடினேன். ஜோதிலட்சுமி என்ற பெயரில் அங்கே யாருமே இல்லை. "அத்த, நீங்க பொறந்ததா கவர்மெண்டுக்கே தெரியலயே" என்று கட்டிலில் படுத்திருந்தவரிடம் சொன்னேன். கேலிதான். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் என் மகன் சுகுமாருக்கு வில்லியனூரில் பெண் அமைந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். நல்ல குடும்பம், நல்ல முகம், சிரித்தால் வீடு நிறையும். ஒரே ஒரு சிக்கல், அவள் பெயர் மஞ்சுளா.

என் நாத்தனார் செல்வகுமாரி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். "நாளைக்கு அவன் பொண்டாட்டியத் திட்டணும்னா அம்மா பேரச் சொல்லியா திட்டுவான்? ரம்யான்னு வச்சிடலாம், சின்னதா அழகா கீது" என்றாள். திட்டுவதற்கு வசதியாகப் பெயர் தேடுகிறவளிடம் நான் என்ன பேசுவது? என் கணவர் மணவாளன் வழக்கம்போல, "ஊரு வழக்கம்தான" என்று கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிட்டார். பத்திரிகை மாதிரியை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நேரம். செல்வகுமாரி பெண் வீட்டுக்கே போன் போட்டுச் சொல்லியும் விட்டாள்.

மறுநாள் காலை அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்த, பேரு மாத்திக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. வூட்லயும் சரின்னுட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "வேல செய்யற எடத்துல மட்டும் மஞ்சுளான்னே இருந்துக்கலாமா அத்த?"

அவளுடைய சொந்தப் பெயருக்கு என்னிடம் அனுமதி கேட்டாள். அதுவும் எனக்கே பிடிக்காத, என்னுடையதே அல்லாத ஒரு பெயருக்காக. "அப்புறம் பேசறன்மா" என்று வைத்துவிட்டேன்.

"இன்னா சொல்றா அந்தப் பொண்ணு?" என்றார் கட்டிலில் இருந்த மாமியார்.

"பேர மாத்திக்கறாளாம்."

"நீ இன்னா சொன்ன?"

"நா இன்னாத்த சொல்றது? எல்லாம் உங்க வூட்டு வழக்கம்தான அத்த." என் குரலில் இருந்த குத்தல் அவருக்கு உறைத்திருக்கும்.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல என்னத் தேடுனியே. கெடச்சனா?"

"கெடைக்கல."

"ஜோதிலட்சுமின்னு தேடுனா எப்பிடிக் கெடைப்பன்? அது எம் பேரு இல்ல. தனக்கொடின்னு தேடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கிச் சொன்னார். அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது அவருடைய மாமியார் பெயரும் தனக்கொடி. தாலி கட்டுவதற்கு முன்பே மாமனார் ஜோதிலட்சுமி என்று ஒரு பெயரை முடிவு செய்து, பதிவு செய்யப் போன இடத்தில் அதையும் சேர்த்து எழுத வைத்துவிட்டார். ஆதார் அட்டைக்குக் கேட்டபோதுகூட அந்தப் பெயரைத்தான் கொடுத்தார்கள்.

நான் முப்பது வருஷமாகப் பறிகொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்த பெயர் அவர் தலையிலும் யாரோ ஏற்றி வைத்ததுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நா வந்தப்போ உங்க மாமியார் உசுரோடவே இல்லையே அத்த. எம் பேரு தனக்கொடிதான், இந்தப் பொண்ணு அவ பேரோட இருக்கட்டும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "எனக்கு மாத்துனப்போ எவளும் வாயத் தொறக்கல. நா மட்டும் இன்னாத்துக்குத் தொறக்கணும்னு இருந்துட்டன்."

பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எழுந்து சமையலறைக்குப் போனேன். கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவினேன். சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கழுவினேன்.

ஆனால் கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தோன்றியது. காலையில் அந்தப் பெண் கேட்டபோது நானும் வாயைத் திறக்கவில்லை. வில்லியனூரில் ஒருத்தி, தன் பெயர் வேலை செய்கிற இடத்திலாவது மிஞ்சுமா என்று காத்துக்கொண்டிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன். நெட்டப்பாக்கம் பிறப்பு அட்டவணையில் தனக்கொடி இருந்தார். நானே அடித்த வரிதான், யாரென்று தெரியாமல் அடித்திருக்கிறேன். மாற்றுப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பிறந்தபோது ஒரு பெயர் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சின்னப் பெண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது. அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் கணவர் வயலிலிருந்து வந்ததும் பத்திரிகை மாதிரியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பொண்ணு பேரு மஞ்சுளா. அப்பிடியே இருக்கட்டும். பையனோட அம்மா பேரு ஜோதிலட்சுமின்னு மாத்துங்க."

"மாத்தறதா? இனிமே ஊருல எல்லாரும் உன்ன இன்னான்னு கூப்புடுவாங்க?"

"ஜோதிலட்சுமின்னு கூப்புடட்டும். கஷ்டமா இருந்தா சுகுமார் அம்மான்னு கூப்புடட்டும்."

"அது அம்மா பேராச்சே" என்று கட்டில் பக்கம் பார்த்தார்.

"எம் பேரு அது இல்லடா" என்றார் மாமியார். "அவ பேர அவளுக்குக் குடு. உங்கக்கா இன்னானா சொன்னா என்னாண்ட வரச் சொல்லு."

மணவாளன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று அவர் பார்த்ததில்லை. காபி ஆறுகிறது என்று தம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அது சம்மதம்தான்.

வில்லியனூருக்கு நானே போன் செய்தேன். "நீ மஞ்சுளாதாம்மா, வேல செய்யற எடத்துலயும் வூட்டுலயும்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அச்சகத்திலிருந்து பத்திரிகை வந்தது. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, படித்துக் காட்டச் சொன்னார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "மடுகரை காலஞ்சென்ற சுப்புராயன்" என்று வாசித்து அங்கேயே நின்றுவிட்டேன். காலமான மாமனார் பெயர் எப்படியோ வாயில் வந்துவிட்டது, எதிரில் இருக்கிற மாமியார் பெயரை நான் சொன்னதே இல்லை. அது ஜோதிலட்சுமி என்று நினைத்திருந்த முப்பது வருஷமும், என் பெயராகவே இருந்தும், சொன்னதில்லை.

"இன்னா, எழுத்துத் தெரியலையா?"

"சுப்புராயன், தனக்கொடி அம்மாள் அவர்களின் பேரனும், மணவாளன், ஜோதிலட்சுமி ஆகியோரின் மகனுமாகிய சுகுமாருக்கும்" என்று ஒரே மூச்சில் படித்தேன். தனக்கொடி என்று அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்.

"இன்னொரு தபா படி."

படித்தேன். அவர் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்தார். மஞ்சள் தடவிய ஓரம் விரலில் ஒட்டியது.

"எங்கண்ணன்தான் கடைசியா அப்பிடிக் கூப்புட்டது. அவன் போனப்பறம் யாரும் இல்ல" என்றார். கொஞ்சம் தயங்கினார். "அம்மாள் எல்லாம் வேணாம். வெறுமன ஒரு தபா கூப்புடேன்."

"நா எப்பிடி அத்த, பேரச் சொல்லி…"

"நாந்தான சொல்றன்."

வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் ஒரு முறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன். தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டேன்.

"தனக்கொடி."

அவர் கண்ணை மூடியிருந்தார். பதில் உடனே வந்தது. நான் இந்த வீட்டில் அதுவரை கேட்டிராத மெல்லிய, அவசரமான குரலில் வந்தது.

"தோ வரன்."