ஒட்டியிருந்த கடைசி ஏடு

பிளாரன்சிலிருந்து கழுதைமேல் மலையேறி மடத்துக்கு வந்த பிந்தோ, தேடிவந்த பழைய புத்தகத்தைத் திறந்த முதல் நாளே அதன்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்துவிட்டார். புத்தக அறையைக் கவனித்துவந்த சகோதரர் நூத்தோ பதறிப்போனார்.

“என்னய்யா, மயக்கமா? ரொட்டி கொண்டாரவா?”

“ஒண்ணுமில்ல சாமி. இது ரோமாபுரிக்காரன் கை. அவனே உக்காந்து எழுதினது.”

“ஆட்டுத்தோல் நாத்தம் அடிக்குமே அது. எப்படித்தான் மூஞ்சிய வச்சீரோ!”

பிந்தோவின் பிழைப்பு பழைய நூல்களைப் பிரதி எடுப்பது. அவரை அனுப்பியவர் பெருந்தனக்காரர் உகுச்சோ. உகுச்சோவுக்கும் அவர் நண்பர்களுக்கும் உலகில் இரண்டே நல்ல காலங்கள்: ஒன்று ரோம் வாழ்ந்த காலம், மற்றொன்று தாங்கள் இப்போது தொடங்கிவைத்திருக்கும் காலம். நடுவில் கிடந்த ஆயிரம் வருடமும் அவர்களுக்கு இருட்டு. சான்று கேட்டால் எழுத்தைக் காட்டுவார்கள். சமீப நூற்றாண்டுகளின் எழுத்து முள்வேலிபோல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எங்காவது ஒரு பழைய புத்தகத்தில் உருண்டையாக, காற்றோட்டமாக, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் எழுத்து கண்ணில் பட்டால் அது ரோமானியர் எழுத்து என்று முடிவுகட்டிவிடுவார்கள். இருட்டில் இருந்தவனுக்கு இப்படி எழுத வருமா?

பிந்தோவும் அப்படித்தான் நம்பினார். அப்பா கற்றுக்கொடுத்த எழுத்தைக் கைவிட்டு, வாலிபம் முழுவதையும் செலவழித்து இந்த உருண்டை எழுத்தைக் கைக்குக் கொண்டுவந்திருந்தார். ஒருமுறை ரோமுக்கே போனார். பழைய ரோமானியரின் பேரவை கூடிய இடத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. சலவைக்கல் சிலைகளை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் தங்குவதாகப் போனவர் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டார். அதற்குப்பின் அவருடைய ரோம் இந்த எழுத்துக்குள் மட்டுமே இருந்தது. சாவதற்குள் ஒரு ரோமானியனின் கைபட்ட ஏட்டைத் தொட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. இப்போது தொட்டாயிற்று. முதல் வாரமே உகுச்சோவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியும்விட்டார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி விருந்து வைக்க நாள் குறித்துவிட்டதாகப் பதில் வந்தது.

பகலெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து எழுதினார். நட்பைப் பற்றிய பழைய உரைநடை நூல் அது. சில எழுத்துகளின் வளைவில் எழுதியவனின் இறகுப்பேனா நின்று, மூச்சு வாங்கி, மறுபடி புறப்பட்டது தெரிந்தது. அந்த இடங்களில் பிந்தோவும் மூச்சு வாங்கிக்கொள்வார். இதை எழுதியவனோடு ஒரு மாலை பேசக் கிடைத்தால் போதும், என்ன பேசினாலும் சரி என்று தோன்றும்.

நூத்தோவுக்கு வாய் சும்மா இருக்காது.

“ஏன்யா, உங்க ஊர் ஆளுங்க எங்களப் பாத்தாலே இருட்டு, குருடுங்கறீங்க. புஸ்தகம் வேணும்னா மட்டும் இந்தக் குருடங்க வீட்டுக் கதவத்தான் தட்டுறீங்க?”

“நீங்க பெட்டியில வச்சீங்க சாமி. எழுதினவன் வேற.”

“வச்சதுக்காவது ஒரு கும்பிடு போடலாம்ல?”

கடைசி ஏட்டில் வேலை நின்றது. பின்னட்டை பிய்ந்துபோனபோது யாரோ அந்த ஏட்டையே பசைபோட்டு மரப்பலகையோடு ஒட்டியிருந்தார்கள். நூலின் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து நின்றது. நூத்தோவின் சம்மதத்தோடு பிந்தோ ஈரத்துணியை வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்து, மெல்லிய கத்தியால் ஏட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினார். ஏடு முழுதாக வந்தது. வாக்கியம் முடிந்திருந்தது. அதன்கீழே, அதே மையில், அதே கையில், இன்னும் சில வரிகள் இருந்தன.

‘படிக்கிறவரே, நான் அடல்மார், இந்த மடத்துத் துறவி. பேரரசரின் பேரன்மார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட ஆண்டில் இதை எழுதி முடித்தேன். எனக்குக் கிடைத்த மூலம் தொட்டால் உதிர்ந்தது. உதிர்வதற்குள் எழுதிவிட வேண்டுமென்று மை உறைந்த நாள்களிலும் எழுதினேன். பழங்காலத்தவர் தெளிவாக எழுதினார்கள் என்பார்கள். அவர்களை நினைத்துத் தெளிவாக எழுதப் பார்த்தேன். நான் ரோமைப் பார்த்ததில்லை. பார்த்தவர் யாராவது இதைப் படித்தால், அது எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.’

பிந்தோ உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். வடக்கே ஆண்ட அந்தப் பேரரசரின் பேரன்மார் சண்டை எந்தக் காலம் என்று அவருக்குத் தெரியும். ரோம் விழுந்து நாலு நூற்றாண்டுகள் கழித்து. இருட்டின் நட்டநடுவில்.

“அடல்மாரா? நம்ம மடத்து ஆளா!” நூத்தோ கையைத் தட்டினார். பிறகு பிந்தோவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அப்போ உங்க ரோமாபுரிக்காரன்?”

“அவன் இல்ல சாமி.”

“விருந்துக்கு ஆள் சொல்லியாச்சேய்யா.”

“ஆமா.”

“அந்த அடிவரிய விட்டுடுமே. யாருக்குத் தெரியப்போகுது? ஏட்ட வேணும்னா நான் மறுபடி ஒட்டிடறேன்.”

நூத்தோ கேலியாகச் சொல்லவில்லை. தொழில் வழக்கமும் அதுதான். நூலாசிரியர் நிறுத்திய இடத்தில் பிரதி எடுப்பவரும் நிறுத்திவிட வேண்டும். கீழே எவனோ ஒரு துறவி குளிரைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் எழுதி வைத்திருப்பதைச் சேர்ப்பதில்லை. பிந்தோவே பல புத்தகங்களில் அப்படிப்பட்ட வரிகளைப் பார்த்து, படிக்காமலே மூடியிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் என்ன பெயர், அவர்கள் எதைக் கேட்டார்கள் என்று இப்போது நினைத்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விளக்கை ஊதியணைத்துவிட்டு இருட்டு என்று சொன்னவர்களில் தானும் ஒருவர்.

மறுபடி அந்த எழுத்தின் வளைவுகளைப் பார்த்தார். மூச்சு வாங்கிய இடங்கள் அங்கேயே இருந்தன. எந்த மாலைப் பேச்சுக்கு ஏங்கினாரோ அது இவனோடுதான். இவனும் அதே ஊருக்குத்தான் ஏங்கியிருக்கிறான்.

“முடிஞ்சுதா, மூட்டை கட்டலாமா?” என்றார் நூத்தோ.

“இல்ல சாமி. இன்னும் கொஞ்சம் வரி பாக்கி.”

“உகுச்சோ திட்டமாட்டாரா?”

“திட்டட்டும். வேலையே இல்லன்னாலும் போகட்டும்.”

இறகைச் சீவி மையில் தோய்த்தார். அடல்மாரின் பெயரில் தொடங்கி ஒரு சொல் விடாமல் எழுதினார். ‘எனக்குச் சொல்லுங்கள்’ என்ற இடத்துக்கு வந்ததும் இறகு நின்றது. கீழே வெற்றுத்தோல் இருந்தது. எந்தப் பிரதியாளரும் செய்யாத காரியமாக, அங்கே சின்னதாக எழுதினார்: ‘நான் பார்த்தேன், சகோதரரே.’

அடுத்த சொல் வரவில்லை. மாடுகள் நினைவுக்கு வந்தன, காளவாய்ப் புகையும். அதையா சொல்வது? பனிக்காலம் முழுவதும் எழுதியவனிடமா? மை காய்ந்துகொண்டிருந்தது. பிந்தோ சன்னல்வழியே தெற்கே, மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப்போகும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை காலம் பலகைக்குள் காத்துக்கிடந்தவர் இன்னும் சற்று நேரம் பொறுக்கமாட்டாரா.