மாடி வீடும் பசித்த மிருகமும்

தாராவியில் ஏணி வைத்து ஏறும் பத்தடி அறைக்கு ‘மாடி வீடு’ என்று பெயர் வைத்தவன் வேல்ராஜ்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அண்ணன் பேச்சிராஜாவோடு பாகம் பிரிக்கும்போது, கீழ் வீட்டை விட்டுக்கொடுத்து மேலே கேட்டு வாங்கினான். “மருமகன் பம்பாயில மாடி வீட்டுல இருக்காரு” என்று மாமனார் ஊரில் சொல்லிக்கொள்ள வேண்டாமா? அந்தப் பெருமைக்கான பலன் இன்று டேப்லெட்டும் கையுமாக ஏணி ஏறி வந்திருந்தது.

கணக்கெடுக்க வந்த பெண் சஃப்ரீன். ஏரியாவை இடித்துக் கட்டப்போகிறார்கள்; கீழே இருப்பவனுக்கு இங்கேயே ஃபிளாட், மேலே இருப்பவனுக்கு எங்கேயோ ஊர்க்கோடியில்.

“கீழ் வீடுன்னு போட்டுரும்மா. ஏணியை எடுத்துட்டா இதுவும் தரைதான்.”

“ஏணியை எடுத்துட்டா நான் எப்படி அங்கிள் இறங்குறது? சர்வர் வரல, இருங்க.”

காத்திருந்தவளின் கண் மூலையில் இருந்த டிவிமேல் விழுந்தது. அதோடு மாட்டியிருந்தது, டிவி ரிப்பேர்க்காரன் வேல்ராஜ் பழைய சாமானில் பொறுக்கிய நாற்பது வருஷத்துக் கம்ப்யூட்டர். கேசட்டில் ஒரே ஒரு விளையாட்டு. நகரத்தை நொறுக்கும் மிருகம். ஆடுகிறவர்தான் மிருகம்.

“நான் ஆடட்டா?”

அவள் ஒரு வீட்டையும் இடிக்கவில்லை. மீன் மார்க்கெட்டில் புடவையைத் தூக்கிப் பிடித்து நடக்கிற மாதிரி, தெருத்தெருவாக மிருகத்தை நடத்திப் போனாள்.

“இவரு முதல் நிமிஷமே திங்க ஆரம்பிச்சுருவாரு,” என்று டீயை வைத்தாள் வேல்ராஜின் மனைவி கோகிலவாணி.

திரையின் அடியில் மிருகத்தின் பசியைக் காட்டும் கோடு குறுகிச் சிவந்தது. மிருகம் தானாகத் திரும்பி ஒரு வரிசை வீட்டைக் கடித்தது.

“நான் அமுக்கல அங்கிள்.” பட்டன்களைப் படபடவென்று தட்டினாள்.

“பசி முத்திட்டா அது யாரு பேச்சையும் கேக்காதும்மா. பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

டேப்லெட் கிணுகிணுத்தது. சர்வர் வந்துவிட்டது. சஃப்ரீன் ‘கீழ்த்தளம்’ என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். வேல்ராஜ் பார்த்தான், நிஜமாகவே வைத்தாள். குறி தானாக ‘மேல்தளம்’ கட்டத்துக்குத் தாவியது. சர்வேக்கு முன்பே எடுத்த படத்தில் ஏணி இருக்கிறதாம், டேப்லெட் சொன்னது. மறுபடி வைத்தாள். மறுபடி தாவியது. மூன்றாவது தடவை பச்சை டிக் விழுந்து, மேல்தளம் என்றே பதிவாகிவிட்டது.

அவள் நிமிரவில்லை.

“நான் அமுக்கல அங்கிள்.”

“தெரியும்மா. டீயைக் குடி, ஆறுது.”

“எங்கப்பாவுக்குப் போனைப் போடட்டா?” என்றாள் கோகிலவாணி. “மாடி வீடுதான்னு சர்க்காரே எழுதிட்டாகன்னு சொல்லிருதேன்.”

வேல்ராஜ் எழுந்து வாசலுக்குப் போனான். சஃப்ரீன் இறங்கி முடிக்கும்வரை ஏணியின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.