கழற்றக் கூடாத பொட்டு

என்னிடம் பேச வருகிறவர்கள் முதலில் என் நெற்றியைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் கண்ணுக்கு இறங்குவார்கள். பழகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வெள்ளை வட்டத்தை நான் கேட்டு வாங்கவில்லை. முதலாளி சும்மா கொடுத்தார்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் பதினோரு வருசம் காய் பொறுக்கினேன். முப்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, காயைச் சொளகில் கொட்டி, பச்சை தனி, வெளிறினது தனி, வெடித்தது தனி என்று பிரிப்போம். நாள் முழுக்கக் குனிந்த தலைதான். எண்பத்திரண்டாம் வருசம் வடக்கே போன ஒரு லோடில், காய் மேல் சிவப்புத் தூள் கிடக்கிறது என்று வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டான். எங்கள் நெற்றியிலிருந்து உதிர்ந்த குங்குமம் அது. முதலாளிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இனிமேல் ஒருத்தியும் குங்குமம் வைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"புருசன் இருக்கையில வெறும் நெத்தியோட எப்பிடி மொதலாளி வர்றது?" என்று நான்தான் கேட்டேன். மற்றவள்கள் எல்லாம் காயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் அவர் மதுரையிலிருந்து ஒட்டுப் பொட்டு வாங்கி வந்து ஆளுக்கு ரெண்டு அட்டை கொடுத்தார். கருஞ்சிவப்பு நிறம், தொட்டால் வெல்வெட்டு. உதிராது, வழியாது. அன்றைக்குக் கிட்டங்கியே கல்யாண வீடாகிவிட்டது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டோம். முதலாளியை மகராசன் என்று வாழ்த்தினவள்களில் நானும் ஒருத்தி.

மற்றவள்கள் படுக்கப் போகும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார்கள். நான் எடுக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை எஸ்டேட் ஜீப்பில் லோடு ஏற்றி இறக்குகிற ஆள். வாரத்தில் நாலு நாள் மலை ரோட்டில்தான் இருப்பார். ஜீப்பில் போகிறவர்கள் வீட்டுப் பெண்கள், ஆள் மலையில் இருக்கும்போது நெற்றியை வெறுமையாக விடுவதில்லை. குங்குமம் வைத்த காலத்தில் குளித்த ஈரத்தோடு சிமிழைத் தேடி ஓடுவோம். ஒட்டுப் பொட்டு வந்ததும் அந்த ஓட்டம் மிச்சமானது. பசை போனால் பழையதைக் கிள்ளிப் போட்டுவிட்டு அந்த நிமிசமே புதியதை ஒட்டிக்கொள்வேன். ரெண்டு வருசம் அந்த இடத்துத் தோல் காற்றைக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் அரித்தது. பிறகு ஒரு நாள் பொட்டை மாற்றும்போது அடியில் பால் சொட்டுப் போல ஒரு வெள்ளை. யாரிடமும் மூச்சு விடவில்லை. அதை மறைக்க அடுத்த அளவுப் பொட்டு வாங்கி ஒட்டினேன். வெள்ளை அந்த அளவுக்கு வளர்ந்தது. அதற்கும் பெரியது வாங்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! நெருப்பை மறைக்க வைக்கோலை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

எண்பத்துநாலு சித்திரையில் ஒரு மத்தியானம், பசை விட்டுப்போன பொட்டு கழன்று சொளகில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். தன் சொளகை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வேலை விடுவதற்குள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"வாயில போடுற சரக்கு, வீரலட்சுமி. வெண்குட்டம் உள்ள ஆளு தொடக் கூடாது. கோவிச்சுக்காத."

"கையில ஒண்ணுமில்ல மொதலாளி. நெத்தியிலதான். அதுவும் நீங்க குடுத்த பொட்டுக்கு அடியில."

"முப்பது பேருக்குக் குடுத்தேன். ஒனக்கு மட்டுந்தான வந்திருக்கு?"

சொளகை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள் பொன்னுமணி விசயம் அப்படி இல்லை. என் வீட்டுக்காரரின் அக்காள் மாயக்காளைச் சிலமலையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் மகன் சுருளிவேலுக்குத்தான் பொன்னுமணி என்று பிள்ளைகள் தவழ்கிற காலத்திலேயே பேசி வைத்தது. சுருளிவேல் போடிக்கு எந்தச் சோலியாக வந்தாலும் எங்கள் தெரு வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவான். ஏறி மிதித்தால் தெரு சீக்கிரம் முடிந்துவிடுமாம். என் நெற்றிக் கதை சிலமலைக்குப் போன பிறகு அவன் வருவது நின்றது. பொன்னுமணியும் வாசல் பக்கம் போவதை விட்டுவிட்டாள். பத்தொன்பது வயசுப் பிள்ளை உள்வீட்டிலேயே கிடப்பதைப் பார்த்து என்னால் பொறுக்க முடியவில்லை.

அவளுக்காகத்தான் மதுரைக்குப் பஸ் ஏறினேன். தோல் டாக்டர் ஒரு அம்மா. என் நெற்றியைப் பார்த்துவிட்டு, பையில் இருந்த பொட்டு அட்டையைக் கேட்டு வாங்கி, ஒரு பொட்டை எடுத்து அந்த வெள்ளை மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"நோய் இப்படி அளவெடுத்து வராது. பசையில கலக்குற ரசாயனம் தோலோட நிறத்தைச் சாகடிச்சிருக்கு. எல்லாருக்கும் வராது, சில பேர் தோலுக்கு ஒத்துக்காது. இது குட்டம் இல்லைம்மா. தொத்தாது. பரம்பரையும் கிடையாது. இனி இந்தப் பொட்டைத் தொடாதீங்க."

சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். 'பரம்பரை கிடையாது' என்ற அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நேரே சிலமலைக்குப் போனேன். மாயக்காள் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"எம்மகளுக ரெண்டு பேரும் இதே பொட்டத்தான் ஒட்டுறாளுக. ஒண்ணும் வரலையே. பசையில வெசம் இருந்தா ஊருக்கே வரணும். ஒனக்கு மட்டும் வந்துச்சுன்னா ஒன் ரத்தத்துலதான் இருக்கு."

"டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காக மதினி."

"காயிதத்த வச்சு நான் என்ன செய்ய? ஒண்ணு செய்யி. தீவாளியில இருந்து பங்குனி வரைக்கும் ஒம்மக இந்தப் பொட்ட ஒட்டட்டும். ஒன்னய மாதிரியே ராப்பகலா. நெத்தி சுத்தமா இருந்துச்சுன்னா நானே வந்து பூ வச்சிட்டுப் போறேன்."

அவள் பேசியது தலைகீழ் நியாயம். பசைதான் காரணம் என்றால் ஒட்டினால்தானே வரும்? இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், 'பயப்படுறா பாரு, ரத்தத்துல இருக்குன்னு அவளுக்கே தெரியும்' என்பாள். வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர், "எங்கக்கா இம்புட்டு எறங்கி வந்ததே பெருசு" என்று சொல்லிவிட்டு லோடுக்குக் கிளம்பிவிட்டார். பொன்னுமணி மட்டும் சிரித்தாள். எத்தனையோ மாசம் கழித்து அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பரம்பரை இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாங்கள்ல? பெறகு எனக்கு எங்கெருந்தும்மா வரும்? ஒட்டு."

எனக்கும் அது சரி என்றே பட்டது. சரி என்று பட வேண்டும் என்று இருந்தேன், அதுதான் உண்மை. தீபாவளி அன்றைக்கு என் கையால் ஒட்டினேன்.

மாசம் ஒரு தடவை மாயக்காள் வந்துவிடுவாள். நகத்தால் பொட்டை நெம்பி எடுத்து, பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போலப் பார்ப்பாள். கார்த்திகையில் ஒன்றும் இல்லை. மார்கழியிலும் தையிலும் இல்லை. மாசியில் பார்த்துவிட்டு அவளே நாள் குறித்தாள். சுருளிவேலின் சைக்கிள் மறுபடி எங்கள் தெருவில் உருண்டது. பொன்னுமணி ஒரு நாளைக்கு மூன்று தடவை வாசல் பெருக்கினாள்.

பூ வைக்க நாலு நாள் இருந்தது. மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம் என்று பொட்டை எடுத்தேன். கடுகளவு வெள்ளை இருந்தது.

என் கை நின்றுபோனதைப் பார்த்து அவளே கண்ணாடியை எடுத்தாள். அழவில்லை.

"எம்மா, வா, இத அத்தைகிட்டக் காட்டுவோம். அஞ்சு மாசமா ஒட்டுனோம், ஒட்டுன எடத்துலயே வந்திருக்கு. பசைதான்னு இதுக்கு மேல என்ன சாச்சி வேணும்?"

"அவ அப்பிடிப் பாக்க மாட்டாடி. அம்மாளுக்கு வந்துச்சு, மகளுக்கும் வந்துருச்சு, ரத்தந்தான்னு சொல்லுவா."

"டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயி..."

"டாக்டரம்மா மகனா வந்து ஒனக்குத் தாலி கட்டப் போறான்?"

சொன்னதும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. பிள்ளை சொன்னதுதான் சரி. ஒரு வருசமாக நான் கத்திக்கொண்டிருந்ததற்கு அந்தக் கடுகளவு வெள்ளையே ருசு. அதை எடுத்துக்கொண்டு சிலமலைக்கு நடக்க எனக்குத் தைரியம் இல்லை. மருதாணி பறித்து வந்து மைபோல அரைத்தேன். தீக்குச்சி முனையில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்து, காய விட்டு, மறுபடி வைத்தேன். நாலு நாளும் வைத்தேன். பொன்னுமணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை மறைந்து ஒரு சிவப்புக் கறை ஆனது.

மாயக்காள் ஏழு பெண்களோடு தட்டெடுத்து வந்தாள். எல்லாரும் பார்க்க வேண்டும் என்றே பிள்ளையை வாசலுக்கு நேரே உட்கார வைத்துப் பொட்டை எடுத்தாள். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"என்னடி, செவப்பாத் தெரியிது?"

"பொட்டுச் சாயம் மதினி. எறங்கியிருக்கு."

நம்பிவிட்டாள். அவ்வளவு சூட்டிகையான பொம்பளை நம்பிவிட்டாள். ஏழு பேரும் பார்க்க என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் தப்பாப் பேசிட்டேன் வீரலட்சுமி. ஒன் ரத்தத்துல ஒண்ணுமில்ல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக வருசம் முழுக்க ஏங்கியிருக்கிறேன். அது கிடைத்தபோது கையை உருவிக்கொள்ளத்தான் தோன்றியது.

பூ வைத்தாள். மடியிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தாள். எல்லாம் பெரிய பொட்டு, நடுவில் கல் வைத்தது. ஒன்றை உரித்து, பொன்னுமணியின் நெற்றியில் அந்தக் கறை மேலேயே வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள்.

"எங்க வீட்டு மருமக நெத்தியில இது எப்பவும் இருக்கணும். குளிக்கையிலகூடக் கழட்டக் கூடாது. பேசுன வாயெல்லாம் பாக்கட்டும்."

பொன்னுமணி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லுவேன் என்று காத்திருந்தாள்.

"ஒங்கம்மா மொகத்த என்ன பாக்குற?" என்று சிரித்தாள் மாயக்காள். "நீயே சொல்லு வீரலட்சுமி."

"அத்தை சொல்றபடி கேளு ஆத்தா" என்றேன்.