ஞாயிற்றுக்கிழமை மாற்றிய லைன்

சுமித்திரா போட்ட திட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்க ஆளில்லை என்று முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையைக் கட்டிவிட்டதே அவள்தான் என்பார்கள். உருத்திரபுரத்தில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. மூன்று வருடமாகக் கந்தோர்க் கணினிகள் அவள் பொறுப்பில் இருந்தன.

எலி கடித்த கேபிள்களையும் அடிக்கடி செத்துப்போகிற இன்ரநெற் லைனையும் மாற்ற மூன்று லட்சத்துக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டேன் என்று முகாமையாளர் தில்லைநாதன் கையை விரித்துவிட்டார். வந்த விலைகள் எல்லாம் நாலரைக்குக் குறையவில்லை. சுமித்திரா பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வெட்டினாள். பழைய லைனும் புதிய லைனும் ஒரு மாதம் சேர்ந்து ஓடத் தேவையில்லை, ஒரே நாளில் அதை அறுத்து இதைக் கொடுக்கலாம். கரண்ட் நின்றால் தாங்குவதற்குப் புதிய பற்றரியும் வேண்டாம். வள்ளங்களோடு பேசுகிற வயர்லெஸ் செற்றின் பற்றரியைப் புது இன்ரநெற் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, செற்றைச் சுவர்க் கரண்டில் மாட்டலாம்.

"எப்ப அறுக்கிறது?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"ஞாயிற்றுக்கிழமை சேர். அண்டைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போறேல்லை. எல்லாரும் சேர்ச்சிலைதான்."

தில்லைநாதன் வவுனியா ரவுணில் இருந்து வந்தவர். கடலைக் கந்தோர்க் கடிதத் தலைப்பில்தான் அதிகம் பார்த்திருக்கிறார். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி ஞாயிறு காலை எட்டுக்குப் பழைய லைனை அறுத்தார்கள். புதிய லைன் உயிர் பெறப் பின்னேரம் நாலு மணியானது. வேலைக்கு வந்தவர்கள் தங்கள் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். சுமித்திரா தனியாக இருந்து முதல் மின்னஞ்சலைத் திறந்தாள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல், மத்தியானம் பன்னிரண்டுக்கு அனுப்பியது. மாலை முதல் கடும் காற்று, கடலுக்குப் போகவேண்டாம், போனவர்கள் உடனே கரை திரும்பவும். மற்ற நாளென்றால் வந்த கையோடு கரையில் ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். நல்ல காலம் இன்றைக்கு ஞாயிறு என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே பனைகள் சத்தம் போடத் தொடங்கின. கரண்ட் போனது. புதுப் பெட்டியின் பச்சை விளக்குகள் மட்டும் அசையாமல் எரிந்தன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கந்தோர் கூட்டித் தேத்தண்ணி வைக்கிற புனிதம் கோப்பையோடு வந்தா. "நல்லகாலம் மிஸ், என்ர மனுசனுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பினாப் பிறகுதான் கரண்ட் போச்சுது."

"யாக்கோப்பண்ணையையோ? எங்கை அனுப்பினனீங்கள்?"

"கடலுக்குத்தான். ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டவர்."

"இண்டைக்கு ஞாயிறெல்லோ அக்கா!"

புனிதம் சிரித்தா. "பூசை காலமையே முடிஞ்சுது. எங்கட ஓய்வு சனி பின்னேரம் துடங்கி ஞாயிறு மத்தியானத்தோட சரி. திங்கள் சந்தைக்கு மீன் வேண்டாமே? பதினொரு வள்ளம் போயிருக்கு."

சுமித்திரா கோப்பையை வாங்காமலே எழும்பினாள். அறிவித்தல் பன்னிரண்டுக்கே வந்திருக்கிறது, வள்ளங்கள் இரண்டுக்குப் போயிருக்கின்றன. இடையில் இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் லைனை அறுத்து வைத்திருந்தவள் அவள். போன் அவ்வளவு தூரத்துக்கு எடுக்காது. சுவர்க் கரண்டில் மாட்டியிருந்த செற், கரண்ட் போனதோடு செத்துப்போய்க் கிடந்தது.

பாய்ந்துபோய்ப் புதுப் பெட்டியிலிருந்து பற்றரியைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. அவசரத்தில் வயரின் கிளிப் முறிந்து கையோடு வந்துவிட்டது. வயரைப் பற்றரி முனையில் விரலால் அழுத்திப் பிடித்தாள். செற் இரைந்தது.

"எல்லா வள்ளமும் கரைக்குத் திரும்புங்கோ! காத்து வருது, திரும்புங்கோ!"

புனிதத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். புனிதம் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தா. பத்து. யாக்கோப்பு பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் இரைச்சல்தான் வந்தது.

"அவர் எனக்கு வடக்காலை நிண்டவர். நான் போய்ப் பாக்கிறன்" என்றது, பதில் சொன்ன பத்துப் பேரில் ஒருவனான வின்சனின் குரல். அதோடு அதுவும் நின்றது.

மழை சரித்து அடித்தது. ஐந்தரையானது. சுமித்திராவின் விரல் மரத்துப்போனது. அதை எடுத்தால் செற் நின்றுவிடும், நின்ற நேரத்தில் யாக்கோப்பு கூப்பிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவள் மூச்சைக்கூட மெதுவாகவே விட்டாள்.

"நான்தான் அக்கா நாள் குறிச்சனான்" என்றாள், அழுகையை அடக்க முடியாமல். "செலவு குறையுமெண்டு."

"ஆரிட்டைக் கேட்டுக் குறிச்சனீங்கள்?" என்று கேட்டா புனிதம்.

"ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

"மூண்டு வரியமா உங்கட மேசைக்குத் தேத்தண்ணி கொண்டு வாறன் பிள்ளை." முதல் தடவையாக மிஸ் என்று சொல்லவில்லை. "என்னட்டைக் கேட்டிருந்தா காசில்லாமச் சொல்லியிருப்பன்."

திட்டத்தில் கேபிளுக்கு விலை இருந்தது, ஆணிக்கும் விலை இருந்தது. இந்தக் கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆறு மணிக்குக் கிட்டச் செற் கரகரத்தது. "யாக்கோப்பண்ணையைப் பிடிச்சிட்டன். இயந்திரம் நிண்டு, செற்றும் நனைஞ்சு போச்சுது. ஆள் சுகம். கட்டி இழுத்துக்கொண்டு வாறன்."

புனிதம் நிலத்தில் குந்தி முகத்தைப் பொத்தி அழுதா. பிறகு எழும்பி, சுமித்திராவைத் திரும்பியும் பார்க்காமல், மழைக்குள் கரைக்கு ஓடினா.

ஏழு மணிக்குத் தில்லைநாதன் ரோச் லைற்றோடு வந்தார். பதினொரு வள்ளமும் கரை சேர்ந்துவிட்டதென்று இரண்டு தரம் சொன்னார்.

"விடும் பிள்ளை, எல்லாம் முடிஞ்சுது. கையை எடும்."

சுமித்திரா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கையை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.