நூற்று எட்டாம் செடி

2018 மார்ச் 14, புதன்கிழமை. திருச்செங்கோடு வட்டம் எலச்சிபாளையத்தில், ஒரு விதைக் கம்பெனியின் சோதனை வயலில் நின்ற 240 வெண்டைச் செடிகளில் 223 நோய் கண்டு மஞ்சள் அடித்திருந்தன. மீதிப் பதினேழில் பதினாறின் காய்கள் கை வைத்தால் முள்ளாய்க் குத்தின. நூற்று எட்டாம் செடியில் மட்டும் இலை பச்சையாகவும் காய் வழவழப்பாகவும் இருந்தன.

வயலின் பொறுப்பாளர் அன்புச்செல்வி அந்தச் செடியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினார்.

இப்போது அவருக்கு ஓசூரில் அலுவலக வேலை. நாள் முழுக்கத் திரையில் எண்கள். ஆனாலும் மாலை நாலு மணியானால் வெண்டைச் சுணை பட்டதுபோல மணிக்கட்டில் ஓர் அரிப்பு வரும். எலச்சிபாளையத்தில் அது மொட்டைத் திறக்கும் நேரம். வயல் வேலைக்கு வரும் பெரியநாயகி, மறுநாள் விரியவிருக்கும் மொட்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, மகரந்தத் தாளை உரித்தெடுத்து, மேலே காகித உறை மாட்டுவாள். காலையில் வேறு செடியின் பூவைக் கொண்டுவந்து அதில் தடவ வேண்டும்.

"மாப்ளயூட்டுப் பூ இன்னும் விரியலீங்க அம்மிணி. பொண்ணூட்டுல காத்துட்டிருக்கறாங்க, வெரசா வரச் சொல்லுங்க," என்பாள்.

அந்தக் கல்யாணத்தில் பெண் வீடு, தம்மம்பட்டிப் பக்கத்து வெளிர்பச்சை வெண்டை. பொரியலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. மஞ்சள் நோய் வந்தால் ஒரு மாதம் தாங்காது. மாப்பிள்ளை வீடு, எந்த நோயும் அண்டாத ஒரு முரட்டு வெண்டை. அதை வாங்க ஆளில்லை. இரண்டையும் கலந்து, பிறந்த செடிகளில் நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து மூன்று வருடம் ஓடியிருந்தது. இந்தப் பருவம்தான் கடைசி என்று கம்பெனி சொல்லிவிட்டது. விதை கிடைக்காவிட்டால் அடுத்து அந்த வயலில் தக்காளி.

நூற்று எட்டாம் செடியில் ஆறு காய்கள் விதைக்காக விடப்பட்டிருந்தன. தேனீ நுழையாதபடி, பூக்கும் முன்பே மொட்டின் நுனியை நூலால் கட்டி வளர்த்த காய்கள். அவை காய்ந்து வெடிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அடுத்த வாரம் அன்புச்செல்வி பயிற்சிக்குக் கோவை போனார். பெரியநாயகிக்கு ஊரில் மாரியம்மன் நோம்பி. தனக்குப் பதிலாகத் தங்கை குப்பாயியை அனுப்பினாள். குப்பாயி நாற்பது வருடமாகச் சந்தைக்குக் காய் பறிப்பவள். அவள் பறித்துவிட்டுப் போன வயலில் ஒரு முற்றல் காயைக்கூடப் பார்க்க முடியாது என்று பேர்.

அன்புச்செல்வி திரும்பி வந்தபோது நூற்று எட்டில் ஒரு காயும் இல்லை.

"நூல் கட்டியிருந்த செடியில எதுக்குங்க கை வெச்சீங்க?" என்று கேட்டார் அன்புச்செல்வி.

"கண்ணு படக்கூடாதுன்னு யாரோ கட்டீருக்கறாங்கன்னு நெனச்சனுங்க," என்றாள் குப்பாயி. "காயெல்லாம் முத்திப்போயி நின்னுது. எருமைக்குப் போட்டுட்டேன்."

"ஆறு காயிடி! கெட்டிக்காரின்னு உன்னய அனுப்புனம் பாரு, என்னயச் சொல்லோணும்," என்று பெரியநாயகி தலையில் கை வைத்தாள்.

"பறிக்கக் கூடாதுன்னா பொறவு எதுக்குக்கா வெண்டக்கா வெச்சீங்க?"

அன்புச்செல்வி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். குப்பாயி செடியருகே போய்க் கணுக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"அழுவாதீங்க சாமி. முத்தல் நின்னா செடி பூக்கறத நிறுத்திப்போடும். இப்பப் பாரம் எறங்கீருச்சு. தண்ணி கட்டுங்க, பத்து நாள்ல மறுக்கா பூக்கும்."

அன்புச்செல்வி இதைக் கல்லூரியில் படித்திருந்தார். விதைக்காகவே காயை முற்றவிடும் வேலையில் அது நினைவுக்கு வரவேண்டிய தேவை இருந்ததில்லை. அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தண்ணீர் மட்டும் கட்டினார்.

ஒன்பதாம் நாள் பக்கக் கிளைகளில் ஐந்து மொட்டுகள் வந்தன. இம்முறை நூல் கட்டியவள் குப்பாயி. கூப்பிடாமலே தினமும் வந்தாள். பறிக்க வந்த மற்றப் பெண்களை அந்தப் பாத்திப் பக்கமே விடவில்லை. "அங்க போவாதீங்கடி, அது புள்ளத்தாச்சி" என்று வரப்பிலிருந்து கத்துவாள். பெரியநாயகி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

ஓசூரில் உடன் வேலை செய்பவர்களிடம் ஒருமுறை இதை அன்புச்செல்வி சொன்னார். நூற்று எட்டின் எண்ணிக்கை விவரம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள். இருந்தது, கொடுத்தார்.

ஐந்தில் ஒரு மொட்டு உதிர்ந்தது. மே மாதம் நான்கு காய்கள் காய்ந்தன. 137 விதைகள். ஆவணியில் ஊன்றியதில் 121 முளைத்தன. 84 செடிகள் மஞ்சள் அடிக்கவில்லை. அவற்றில் 70 செடிகளின் காய் வழவழப்பாக இருந்தது. கம்பெனி அந்த வயலில் தக்காளி போடவில்லை.