ஐந்தரை நாடகங்கள்

1

இந்தக் கதை பிறந்தது எங்கள் தேவாலயத்துத் தேநீர் மேசையில். லண்டன் போன மூன்று நாளில் எத்தனை நாடகம் பார்த்தீர்கள் என்று ஒன்றுவிட்ட தங்கை கேட்டாள். "ஆறு" என்றேன். என் தம்பி எட்கர் கோப்பையைக் கீழே வைத்து, "அஞ்சரை, அக்கா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அரை எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

(எங்கள் குடும்பப் பெயரை எழுதமாட்டேன். எங்கள் ஊரான ஹாலிஃபாக்ஸில் அந்தப் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "மழையில் லண்டனின் விளக்குகள்..." வேண்டாம். லண்டன் போய்வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: "நாடகக் கலையை நேசித்த எட்கர்..." பொய். மகள் ஹெஸ்டர் நடிக்கப் போனபோது, "நம்ம பேரு எந்தக் கொட்டகைச் சுவர்லயும் ஒட்டக் கூடாது" என்றவன் அவன். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஹெஸ்டர் தன் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்துக்கொண்டு ஹெஸ்டர் லம் ஆனாள். அதன்பின் அப்பாவும் மகளும் பேசியதில்லை.

அப்படிப்பட்டவன் நாடகம் பார்க்க ஏன் லண்டன் வந்தான்? பாத்திரம் ஒட்டவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே சந்தேகம்தான். ஒவ்வொரு அரங்கிலும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடிகர் பட்டியலைக் கடைசி வரி வரை படித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்கிற வழக்கம் இல்லை.

3

கடைசி நாள் காலையில், என்னோடு மட்டும் தொடர்பு விடாத ஹெஸ்டர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அத்தை, கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மதியம் அவங்களுக்குப் பதிலா நான் மேடை ஏர்றேன். அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நான்னு மட்டும் சொல்லிடாதீங்க, திரும்பிப் போயிடுவாரு."

அவசரமாகச் சீட்டு வாங்கினேன். சுவரொட்டியில் இருந்த பெரிய நடிகையின் பெயரைத்தான் அவனிடம் சொன்னேன். நடிகர் மாறினால், அரங்கில் தரும் நாடகப் புத்தகத்துக்குள் மாற்று நடிகரின் பெயரோடு ஒரு துண்டுத்தாள் செருகித் தருவார்கள். அந்தப் புத்தகத்தை அவன் கண்ணில் படாமல் என் இருக்கையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்து இருக்கைக்காரி கெடுத்தாள். "அய்யோ, அவ வரலியாம்! மாத்து நடிகையாம்!"

எட்கர் எழுந்தான்.

"உக்காரு எட்கர்."

"பேரு போட்ட ஆளு வரலன்னா அது ஏமாத்து வேலை, அக்கா. ஒப்புக்குச் சப்பாணியைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

வரிசை முழுக்க முழங்காலை ஒதுக்கி வழிவிட்டது. நான் எழுந்து அவன் கையைப் பிடித்து... இந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். நான் பிடிக்கவில்லை. அவன் யாரோ என்பதுபோல மூடிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

(இனி நான் பார்க்காதது. பாதி, வாசல் காத்த பெண் சொன்னது. மீதி, அறுபது வருடம் அக்காவாக இருந்ததில் தெரிந்தது.)

முன்கூடத்தில், சீட்டு ஜன்னலில் அவன் குரல் உயர்ந்தது. எவளோ ஒருத்தி என்றான், பேரில்லாதவள் என்றான். சொல்லித் தீர்ப்பதற்குள் அரங்கக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"இனி இடைவேளைக்குத்தான் உள்ள விடுவோம், ஐயா. இதுல பாத்துக்கிட்டிருங்க" என்று வாசல் காத்த பெண், மேடையைக் காட்டும் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரில் காட்டினாள். கறுப்புவெள்ளைப் படம், சத்தமில்லை. விரல் உயரத்துக்கு ஒரு பெண் மேடையில் திரும்பி நின்றாள். அந்த முதுகு அவனுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்து முதுகு. வளையாது.

"யாரும்மா இது?"

"மாத்து நடிகைங்க, ஹெஸ்டர் லம். பிரமாதமாப் பண்றாங்கல்ல?"

கதவுக்கு உள்ளே கூட்டம் சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

இடைவேளையில் ஒரு கையில் ஐஸ்கிரீம் கிண்ணமும் மறுகையில் கசங்கிய நாடகப் புத்தகமுமாகப் போனேன்.

"புஸ்தகத்து மேல உக்காந்திருந்தியா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் சேந்து அவளை மறைச்சுட்டோம்" என்றான். கிண்ணம் என் கையிலேயே உருகியது. மீதிப் பாதியை உள்ளே வந்து பார்த்தான். கைதட்டவில்லை, அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

5

நடிகர்கள் வெளியே வரும் பின்கதவில், தூறலில், ரசிகர்களோடு வரிசையாக நின்றோம். கடைசியில் எட்கர், கசங்கிய புத்தகத்தோடு. ஹெஸ்டர் குனிந்தபடியே ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

முடிவு ஒன்று: எட்கர் "அப்பான்னு போடு" என்கிறான். அப்படிப் பேசத் தெரிந்தவன் என்றால் இந்தக் கதையே இல்லை.

முடிவு இரண்டு: முறை வருமுன் அவன் நழுவிவிடுகிறான். எழுதிப் பார்த்தேன். அவன்மீது இன்னொரு பழி, கிழித்துவிட்டேன்.

அவன் நகரவில்லை. புத்தகத்தை நீட்டினான். அவள் நிமிராமலேயே பேனாவை வைத்துக்கொண்டு, "யார் பேருக்குங்க போடட்டும்?" என்றாள்.

அவன் சொன்னான். எனக்கும் கேட்டது.

அதை எழுத வந்தபோதுதான் குடும்பப் பெயரை எழுதமாட்டேன் என்று முதல் பக்கத்தில் நான் போட்ட அடைப்புக்குறி கண்ணில் பட்டது. சுவரில் ஒட்டக்கூடாது என்று அவன் சொன்னதைத்தான், காகிதத்தில் நானும் செய்து வைத்திருக்கிறேன். இப்போதும் கை வரவில்லை. இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

"..................."